வைஜயந்தி இறந்ததற்கு ஆதாரம்

...அப்படியானால் என் மனைவி வைஜயந்தி சாகவில்லை, செத்தது தாரா என்று யாரோ ஒருத்தி, பத்திர ஆபீஸில் சொன்னது அதுதானே, வீடு வைஜயந்தி யஷ்வந்த் கோகடே பேரில் இருக்கிறது, நீங்கள் கொண்டுவந்திருப்பது தாரா கோகடேயின் இறப்புச் சான்றிதழ், அந்த அம்மாவைக் கையெழுத்துப் போட வரச் சொல்லுங்கள் என்று. வரச் சொல்லவா? அவள் வருவதாக இருந்தால் நான் ஏன் இந்த முனிசிபாலிட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், மகள் ஷுபதா பேருக்கு வீடு மாறாமல் கிடக்கிறது, எல்லாம் ஆஸ்பத்திரியில் எவனோ தூக்கக் கலக்கத்தில் கிறுக்கியதால், மருமகன் வாங்கிவந்து கொடுத்தபோது நானும் பிரித்துப் பார்க்கவில்லை... ஆனால் தாரா என்ற பெயர் அந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது? அது அவள் பிறந்த வீட்டுப் பெயர். எங்கள் பக்கம் பெண் புகுந்த வீட்டுக்கு வந்ததும் தட்டில் அரிசியைப் பரப்பி, மாப்பிள்ளை மோதிரத்தால் அதில் புதுப் பெயரை எழுதுவான், அன்றோடு பழைய பெயர் போச்சு. வைஜயந்தி என்று எழுதினேன், காலேஜ் நாளிலிருந்தே ஆசைப்பட்டு வைத்திருந்த பெயர், எல்லோரும் கைதட்டினார்கள், அவள் அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிடித்திருக்கிறதா என்று கேட்டேனா? புதுப்பெண்ணிடம் யார் கேட்கிறார்கள்...

மேஜைக்கு அந்தப் பக்கம் பதிவேடு பார்க்கும் பெண், மேதா பாய், என் மகள் வயதுதான் இருக்கும், ஆஸ்பத்திரியிலிருந்து வரவழைத்த தாளைப் புரட்டிக்கொண்டே, சொந்தச் சித்தப்பாவைக் கூப்பிடுவதுபோல் சொல்கிறாள், "அவங்க மேல கோபப்படாதீங்க காகா. பேஷன்ட்டே சொன்ன பேருன்னுதான் எழுதியிருக்கு." பேஷன்ட்டேயா? நான் எங்கே போயிருந்தேன்... கீழே, மருந்துக் கடையில். மூச்சு விடவே திணறிக்கொண்டிருந்தவள், ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கிவிட்டுத் தாரா என்று சொல்லியிருக்கிறாள். ஜுர வேகமா? அதெல்லாம் இல்லை, நல்ல நினைவு இருந்தது, மருந்தோடு மேலே ஓடிவந்தவனிடம் பால் பாத்திரத்தை மூடினீர்களா என்று கேட்டாளே. ஐயோ, அப்படியானால் பத்தாம் நாள்... கிருஷ்ணா நதிக்கரையில் பிண்டத்தை வைத்துவிட்டு நின்றோம், காக்கை வந்து வந்து உட்கார்ந்தது, தொடவே மாட்டேன் என்றது, என்ன குறையோ அவளுக்கு என்று ஆளுக்கொரு சத்தியம் செய்தார்கள், பேத்தி படிப்பை நான் பார்த்துக்கொள்கிறேன், வீடு ஷுபதாவுக்குத்தான் என்று நானும் சொன்னேன், உச்சி வெயில் ஏறியதுதான் மிச்சம், கடைசியில் குருஜி தர்ப்பையில் ஒரு காக்கையைச் செய்து தொடவைத்து முடித்தார். வைஜயந்தி, வைஜயந்தி என்று மந்திரத்தில் தொண்டை கிழியக் கூப்பிட்டாரே, அது யார் என்றே அவளுக்குத் தோன்றவில்லையோ... ச்சே, கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, காக்கைக்குப் பசியில்லாமல் இருந்திருக்கும்.

மேதா பாய் ஒரு தாளை என் பக்கம் நகர்த்துகிறாள். இறந்தவர் தம் பெயரைத் தவறாகச் சொல்லிவிட்டார் என்று கணவர் கையெழுத்துப் போட்டால் இன்றைக்கே திருத்திவிடலாமாம். தவறாகவா? கடைசியாக அவள் தன்னைப் பற்றி வெளி ஆளிடம் சொன்ன ஒரே வார்த்தை, அதைப் பொய் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். பேனா மூடியைக் கழற்றினேன், மாட்டினேன். மேதா பாய் பார்த்துவிட்டாள் போல.

"வேணாம்னா விடுங்க காகா. ரெண்டு பேரையும் போடலாம், இது என்கிற இதுன்னு. பத்திர ஆபீஸ்ல செல்லும். எதை முன்னாடி போடட்டும்? அவங்க எதை விரும்புவாங்க?"

விரும்புவாள்... பழக்கம் பொல்லாதது, பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பிவிட்டேன், கேட்டுச் சொல்கிறேன் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது, எந்த ஆபீஸில் எந்தத் தாளை நீட்டினாலும் அவளைத்தானே கேட்பேன், இந்தா, இங்கே பாரு என்று... இந்தா. அத்தனை வருஷமும் இந்தாதான், வீட்டிலும் இந்தா, கடைத்தெருவிலும் இந்தா. மேதா பாய் காத்துக்கொண்டிருக்கிறாள். வைஜயந்தி என்று நான் அவளை ஒரு நாளாவது கூப்பிட்டிருக்கிறேனா?