ஒப்படைப்புப் புத்தகத்தில் ஒரு கையெழுத்து

சில்வெஸ்டரைப் பற்றி ஜோகுபாளையத்தில் யாரும் ஒரு குறை சொல்லிவிட முடியாது. மனைவி காலரா கண்டு போனபோது மூத்தவள் பெர்னதெத்துக்கு ஆறு வயது, சின்னவன் யூஜினுக்கு நாலு. இன்னொருத்தியைக் கட்டிக்கொள் என்று கோயிலில் பார்த்தவர்களெல்லாம் சொன்னார்கள். மனிதர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தானே சோறு வடித்தார், தானே மகளுக்குத் தலை பின்னினார். பாத்திரம் தேய்ப்பது ஒரு நாள் அவள், மறுநாள் அவன். தந்தி ஆபீசில் அவர் ஹெட் சிக்னலர். அதனால் சாப்பாட்டு மேஜையில் கரண்டியால் தட்டித் தட்டியே இரண்டு பேருக்கும் தந்திக் குறிகளைச் சொல்லிக்கொடுத்தார். "எனக்கு ஆம்பளை பொம்பளைன்னு வித்தியாசம் கிடையாது" என்று வாய்க்கு வாய் சொல்லுவார். சொல்லுவதில் என்ன கஷ்டம்? தன் வீட்டுக் கதவைத் தட்டாதவரை நியாயம் எல்லோருக்கும் சொந்தக்காரன்தான்.

முப்பத்திநாலாம் வருஷம் பிள்ளைகள் இருவரும் அவருடைய ஆபீசிலேயே தற்காலிக சிக்னலர்களாக இருந்தார்கள். அங்கே பெண்கள் மொத்தம் மூன்று பேர்: பெர்னதெத், மௌரீன் என்ற சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ-இந்தியப் பெண், அப்புறம் டோரதி. டோரதியின் புருஷன் ரயில் என்ஜினில் ஃபயர்மேனாக இருந்து செத்துப்போனவன், இரண்டு பிள்ளைகள். கல்யாணமான பெண்ணுக்கு அந்த வேலை கிடையாது. கன்னியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விதவையாக இருக்க வேண்டும். தாலி ஏறுகிற அன்றைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஜூன் மாதம் ஒருவரை நிரந்தரமாக்கப்போவதாக ஆபீஸ் மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரை சொல்லியிருந்தார். பெர்னதெத்தின் கை வேகம் ஆபீஸ் முழுக்கத் தெரியும். மெட்ராஸிலிருந்து எவ்வளவு அவசரமாக அடித்தாலும் ஒரு வார்த்தையைத் திருப்பிக் கேட்க மாட்டாள். வந்த வரன்கள் இரண்டையும் அவள் வேண்டாமென்று சொன்னதே இந்த ஜூன் மாதத்தை நினைத்துத்தான். அது சில்வெஸ்டருக்கும் தெரியும்.

மெட்ராஸ் லைனில் காலை டூட்டி யூஜினுக்கு, இரண்டு மணியிலிருந்து பெர்னதெத்துக்கு. சீட் மாறும்போது ஒப்படைப்புப் புத்தகத்தில் ஒரு வரி எழுத வேண்டும். போகிறவன் இத்தனை தந்தி பாக்கி என்று எழுதுவான். வருகிறவள் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவாள். அதன் பிறகு எது தவறினாலும் கையெழுத்துப் போட்டவர் பொறுப்பு.

அந்த வியாழக்கிழமை யூஜினுக்கு ஹாக்கி மேட்ச். ஒன்றே முக்காலுக்கே எழுந்து ஓடிவிட்டான். புத்தகத்தில் வரி எழுதவில்லை. பெர்னதெத் வந்து பார்த்தாள். முறைப்படி அவள் அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் தம்பிக்குத் திட்டு விழும். நாளைக்கு வந்து எழுதிக்கொள்ளட்டும் என்று அந்த வரியை வெறுமையாக விட்டுவிட்டு அவள் வேலையைத் தொடங்கினாள். அவனுக்காக இப்படி விட்டுக்கொடுப்பது அவளுக்குப் புதிதில்லை.

யூஜின் கடைசியாக வாங்கிய தந்தி அத்திபெலே ஜவுளி வியாபாரி ஒருவருக்கு. மெட்ராஸில் தாயார் நிலை கவலைக்கிடம், உடனே புறப்படு என்றிருந்தது. அதை ஓசூர் லைனுக்கு மாற்றி அனுப்ப வேண்டும். அவசரத்தில் இழுப்பறைக்குள் தள்ளிவிட்டுப் போயிருந்தான். மறுநாள் சாயங்காலம் அந்த வியாபாரிக்கு இரண்டாவது தந்தி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. தாயார் காலமாகி எல்லாம் முடிந்துவிட்டது என்று. ஒரே பிள்ளை அவர். சனிக்கிழமை காலை ஆபீஸ் படியில் வந்து உட்கார்ந்து, "கொள்ளி வெக்க நான் ஒருத்தன் இருந்தும் எவன் கையாலேயோ போய்ட்டா" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். திங்கட்கிழமை விசாரணை, தவறியவருக்கு அன்றோடு சீட்டுக் கிழியும் என்று துரை சொல்லிவிட்டார்.

இழுப்பறையைத் துழாவித் தந்தியைக் கண்டெடுத்தவர் சில்வெஸ்டர்தான். மகனைக் கேட்டார். அவன் குழந்தைபோல அழுதான். புத்தகத்தைப் புரட்டினார். வியாழக்கிழமை வரி இன்னும் வெறுமையாகவே இருந்தது.

அன்று வேலை முடிந்து அல்சூர் ஏரிக்கரையோரமாக மகளோடு வீட்டுக்கு நடந்தார். பாதி தூரம் போனதும் விஷயத்தைச் சொன்னார். பாக்கி ஒன்று என்று யூஜின் எழுதுவான், அதன் கீழே நீ கையெழுத்துப் போட்டுவிடு என்றார்.

பெர்னதெத் நின்றுவிட்டாள்.

"தப்பு நான் பண்ணதா ஆயிடுமேப்பா."

"நீ எப்படியும் கல்யாணமானா வேலையை விட்டாகணும்மா. ரூலே அப்படித்தான் இருக்கு. அவன் ஆம்பளப் பிள்ளை. இந்தக் கெட்ட பேரோட வேற எங்க போய் நிப்பான்?"

"அப்ப நான் எங்க போய் நிக்கறது?"

"நீ எங்கயும் நிக்க வேணாம். நான் இருக்கேனில்ல."

அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அவனைவிட நான்தான் நல்லா வேலை செய்யறேன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க."

"இப்பவும் சொல்றேன்" என்றார் சில்வெஸ்டர். உண்மையாகத்தான் சொன்னார். பார்த்தீர்களா, அந்த மனிதருக்கு அவளுடைய அருமை தெரியாமலில்லை. தெரிந்தேதான் கேட்டார். பதினெட்டு வருஷம் தட்டில் ரொட்டியைச் சரிபாதியாகப் பிட்டு வைத்தவர், பிள்ளைகளில் ஒன்றைக் கிணற்றில் தள்ள வேண்டிய நேரம் வந்ததும் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை, கை தானாக மகள் பக்கம் போயிற்று.

திங்கட்கிழமை காலை, ஆபீஸ் நிறைவதற்கு முன்பு, யூஜின் அந்த வரியை எழுதினான். "அப்பா, நான் வேணா துரைகிட்ட சொல்லிடட்டுமா?" என்று ஒரு தடவை கேட்டான். கேட்டதும் அப்பாவைத்தான், அக்காவையில்லை. சில்வெஸ்டர் புத்தகத்தை மகள் பக்கம் நகர்த்தினார். அவன் மறுபடி கேட்கவில்லை. பெர்னதெத் பேனாவை வாங்கித் தன் பெயரை முழுசாக எழுதினாள்.

விசாரணை பத்து நிமிஷத்தில் முடிந்தது. தந்தியைக் கவனிக்காமல் விட்டது நான்தான் என்று அவள் சொன்னாள். துரை புத்தகத்தைப் பார்த்தார், சில்வெஸ்டரைப் பார்த்தார்.

"சொந்த மகள் என்றும் பார்க்காமல் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தீர்களே, உங்களைப்போல் நேர்மையான மனிதரை நான் பார்த்ததில்லை" என்றார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே மற்றதைச் சொன்னார். பெண்களை இந்த வேலையில் வைத்ததே தன் பிசகு. அவர்களுக்குக் கவனம் நிற்காது. இவள் இன்றோடு போகட்டும். மற்ற இரண்டு பேரும் மாதக் கடைசியோடு நின்றுவிடட்டும். இனிமேல் ஆண்களை மட்டும் எடுப்பதாக மேலிடத்துக்கு எழுதிவிடுவார்.

இதைச் சில்வெஸ்டர் நினைத்தே பார்க்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும். துரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார், புத்தகம் திறந்தே கிடக்கிறது. வராந்தாவில் யூஜினின் வெள்ளைச் சட்டை தெரிந்தது. வந்த வார்த்தையை அவர் மென்று முழுங்கிவிட்டு, "எஸ் சார்" என்றார்.

வெளியே வந்ததும் பெர்னதெத் மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, யூஜின்தான் பண்ணான்னு தெரிஞ்சிருந்தா, ஆம்பளைங்க எல்லாரையும் நிறுத்தியிருப்பாரா?"

சில்வெஸ்டர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் டோரதியைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்றாள். அவள் வீடு ஒக்கலிபுரத்தில். தனியாக அனுப்ப மனமில்லாமல் சில்வெஸ்டரும் ஜட்காவில் ஏறிக்கொண்டார். வழி நெடுக அவள் அவர் பக்கம் திரும்பவேயில்லை.

டோரதிக்கு அதற்குள் சேதி வந்துவிட்டிருந்தது. வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். திட்டட்டும், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கட்டும் என்று சில்வெஸ்டர் உள்ளூர வேண்டிக்கொண்டார். அவள் நேரே வந்து பெர்னதெத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அழாத கண்ணு. தப்பு யாருக்குத்தான் வராது? எனக்கு வந்திருந்தா நீங்க ரெண்டு பேரும் போயிருப்பீங்க, அவ்ளோதான?"

"அக்கா, பிள்ளைங்க..."

"அதுங்களுக்கு ஏதாவது வழி பொறக்கும். தையல் மிஷின் ஒண்ணு இருக்கு. நீ பேஜாராவாத."

உள்ளே பெரியவன் சத்தமாகப் பாடம் படித்துக்கொண்டிருந்தான். பெர்னதெத் டோரதியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினாள். உண்மையை அவளால் சொல்ல முடியாது. சொன்னால் தம்பிக்கு வேலை போய்விடும். சில்வெஸ்டர் தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசற்படிக்குக் கீழே நின்றார்.

டோரதி அவளுடைய தலையைத் தடவிக்கொடுத்தபடி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணே, வீட்டுக்குப் போய் இவளைத் திட்டாதீங்க. தாயில்லாத பொண்ணு. ஏதோ தெரியாம பண்ணிட்டா."

பெர்னதெத் தேம்பலை நிறுத்தினாள். தலையைத் தூக்கி, காலையிலிருந்து முதல் தடவையாக, அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பார்த்தபடியே காத்திருந்தாள்.

"இல்லம்மா" என்றார் சில்வெஸ்டர். "திட்ட மாட்டேன்."