கணக்குக் கொப்பியில் அக்கா

நான் செய்த காரியத்தை அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னாலும் அம்மாவுக்குப் புரியாது. அக்காவுக்குப் புரியும். அதுதான் பயம்.

நிஷாந்தினி அக்கா மேலே படிக்க நோர்வே போய் ஏழு மாதமாகிறது. அவளுடைய பழைய மடிக்கணினி தெல்தோட்டையில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தில் இருக்கிறது. தோட்டத்து ஆட்களைப் பற்றி அவள் தேடித் தேடிப் படித்த அறுநூறு கட்டுரைகளும் அதில் ஒரு மென்பொருளுக்குள் லைப்ரரியாக இருந்தன. எந்த வரியை எங்கிருந்து எடுத்தாள் என்பதை அந்த மென்பொருள்தான் நினைவில் வைத்திருக்கும். ஒவ்வொரு கட்டுரையின் கீழும் அக்கா குறிப்பு எழுதியிருந்தாள்.

போன வாரம் அங்கே அவளுடைய புதிய கணினி செத்துப்போனது. வெள்ளிக்கிழமை ஆய்வின் ஓர் அத்தியாயத்தைக் கொடுக்க வேண்டும். மென்பொருளை மூடிவிட்டு, போல்டரை அப்படியே பென் ட்ரைவில் போட்டு, கண்டியில் ஒரு கடையிலிருந்து அனுப்பச் சொன்னாள். இங்கே சிக்னல் பேசப் போதும், இவ்வளவு பெரிய போல்டரை அனுப்பக் காணாது.

பென் ட்ரைவில் அதே பெயரில் ஒரு போல்டர் ஏற்கெனவே இருந்தது. அக்கா போவதற்கு ஐந்து மாதம் முன்பு எடுத்த பிரதி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, திசை மாற்றி, பென் ட்ரைவில் இருந்ததை மடிக்கணினிக்கு இழுத்துவிட்டேன். இருப்பதை எடுத்துவிட்டு இதை வைக்கவா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். திறந்து பார்த்தால் கடைசி ஐந்து மாதம் இல்லை. கட்டுரைகளை மறுபடி தேடி எடுக்கலாம். குறிப்புகளை எங்கே போய்த் தேடுவது?

அந்த ஐந்து மாதமும் நான் அக்காவோடு பேசவில்லை. விட்டுவிட்டுப் போகிறாள் என்ற கோபம். போன பிறகு, கேட்காமல் விட்டதையெல்லாம் அந்தக் குறிப்புகளில் தேடினேன். நடுநடுவே மழை, அம்மாவின் இருமல், பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தது எல்லாம் எழுதியிருந்தாள். மடிக்கணினியின் பற்றரி வேலை செய்யாது. கரண்ட் போனால் அக்காவும் போய்விடுவாள். அதனால் அந்த ஐந்து மாதக் குறிப்புகளைத் திரையில் பார்த்து என் பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதிவைத்தேன். கட்டுரையின் பெயர், ஆண்டு, குறிப்பு என்று ஒன்றுகூட விடாமல்.

கொப்பியைப் பற்றிச் சொன்னால், அவளுடையதைக் களவாகப் படித்தது தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை வெறுங்கையோடு நிற்பாள்.

இரவு பதினொன்றரைக்கு அக்காவை அழைத்தேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா ஒன்றுதான் கேட்டாள்.

"எந்தக் கொப்பில எழுதின?"

"கணக்குக் கொப்பில."

"அதான் கணக்குல முப்பத்திரெண்டு. சரி, பழைய லைப்ரரிய நாளைக்கு அனுப்பு. மிச்சத்த இப்ப வாசி, நான் கூட்டாளியோட கம்பியூட்டர்ல அடிச்சுக்கிறேன்."

வாசித்தேன். அங்கே விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நாற்பத்தோராவது குறிப்பில் நின்றுவிட்டேன்.

"என்னடி லோஜி, லைன் போயிருச்சா?"

"இல்லக்கா. இது கட்டுரையப் பத்தி இல்ல."

"பரவால்ல, வாசி."

"லோஜி இன்னைக்கும் பேசல. சாப்பாட்டுத் தட்ட மட்டும் பக்கத்துல வெச்சுட்டுப் போறா. போற அன்னைக்காவது பேசுவாளான்னு தெரியல."

தட்டும் சத்தம் நின்றது. அவள் போன அன்றைக்கும் நான் பேசவில்லை. பஸ் வளைவில் திரும்பும்வரை கையைக்கூடக் காட்டவில்லை.

"இத விட்டுறவா அக்கா?"

"விடாத," என்றாள். "எந்தக் கட்டுரைக்குக் கீழ இருந்துச்சு?"

பெயரையும் ஆண்டையும் சொன்னேன். சத்தம் மறுபடி தொடங்கியது.