நீலக் கைக்குட்டை காயும் வரை

மே மாதம் கோபியில் அம்மா வீட்டு மொட்டை மாடியில் சரிதா செய்து பார்த்தபோது, வெயிலில் போட்ட நீலக் கைக்குட்டை இருபது நிமிடத்தில் காய்ந்துவிட்டது. நிழலில் போட்ட வெள்ளைக் கைக்குட்டைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் வாரத்தில் கையால் செய்து பார்க்க இதைவிட நல்ல அறிவியல் இல்லை என்று நோட்டில் எழுதி, பக்கத்தில் ஒரு சூரியனையும் வரைந்து வைத்தாள்.

அந்தச் சூரியன், ஜூன் மாதம் அவள் டீச்சராக மாற்றலாகி வந்த மலையூரான மஞ்சூருக்கு வரவே இல்லை.

திங்கட்கிழமை, எது மூழ்கும் எது மிதக்கும் என்று பார்க்க வாளியும் காய்கறியும் கொண்டுபோனாள். கேரட் மூழ்குமா என்று கேட்டுவிட்டுத் திரும்புவதற்குள் ஐந்து பிள்ளைகளும் அதைத் தின்றுவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை கொடிக்கம்பத்தின் நிழலை அளக்க வேண்டும். மூடுபனியில் கொடிக்கம்பமே தெரியவில்லை. புதன்கிழமை வராந்தாக் கம்பியில் நீலக் கைக்குட்டையையும் வகுப்புக்குள் வெள்ளையையும் நனைத்துக் கட்டினாள். வியாழக்கிழமை மதியமும் இரண்டும் ஒன்றுபோலச் சில்லிட்டுக் கிடந்தன. மணி அடிக்கும்போதெல்லாம் பிள்ளைகள் ஓடிப் போய்த் தொட்டுவிட்டு வந்து, "டீச்சர், ஈரம்" என்றார்கள். நாற்பதாவது தடவை கேட்டபோது சரிதாவுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

தலைமை ஆசிரியை ஜெஸிந்தா கதவருகே வந்து நின்றார்.

"சரிதா, டக்ளஸ் நாளைக்கு டி.சி. கேட்டு வர்றாராம். ரெண்டு பிள்ளைக்கும்."

டக்ளஸ் தேயிலைக் கொழுந்து வண்டி ஓட்டுகிறவர். மகள் ரேஷ்மா ஒன்றாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு.

"ஏனுங்க டீச்சர், பள்ளிக்கூடம் தொறந்து நாலு நாள்தானே ஆச்சு?"

"நாலு நாளா பிள்ளை வாளித் தண்ணியில விளையாடுதுன்னு சொல்றார். வேன் வர்ற ஸ்கூல்ல பேர் கொடுத்துட்டாராம்."

பள்ளியில் மொத்தம் இருபத்தொரு பேர். இருபதுக்குக் கீழே போனால் இரண்டாவது ஆசிரியை வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். எண்ணிக்கையை நாளை மாலை கல்வி அலுவலகத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும். அவளைத் திருப்பி அனுப்ப ஓவேலிப் பள்ளியில் இடம் காலியாக இருக்கிறது என்பதை ஜெஸிந்தா சொல்ல வேண்டியதில்லை. கல்யாணமான பிறகு மூன்று வருடம் சரிதா அங்கேதான் வேலை பார்த்தாள். சனிக்கிழமை மூன்று பஸ் மாறி இருட்டிய பிறகு மஞ்சூர் வந்து, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அதே மூன்று பஸ்ஸில் திரும்பினாள்; இந்த ஊரின் பகலை அவள் சரியாகப் பார்த்ததே இல்லை. புருஷனோடு ஒரே வீட்டில் ஒரு முழு வாரம் இருப்பது இதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலம் அந்தப் புருஷன் மீதுதான் அத்தனை கோபமும் இறங்கியது.

"ஓவேலியில மழைக்கு நடுவுல கொஞ்சமாச்சும் வெயில் அடிக்குமுங்க. ஜூன்ல இங்க வெயிலே அடிக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்லங்க?"

மின்வாரியத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்த அருண்பிரசாத், அடுப்புக்கு மேலிருந்த கம்பியில் நனைந்த சாக்ஸைப் போட்டான். "நீ எங்க கேட்ட? நோட்டைக் காட்டின. சூரியன் நல்லாருக்குன்னு சொன்னேன்ல."

"ஆமாங்க. அதை மட்டும் சொன்னீங்க."

"என் பேன்ட்டே இந்தக் கம்பியிலதான் காயுது. நீ கைக்குட்டைக்குக் கவலைப்படற."

சரிதா அந்தக் கம்பியைப் பார்த்தாள். பிறகு பள்ளியிலிருந்து அவிழ்த்துக் கொண்டுவந்திருந்த நீலக் கைக்குட்டையைப் பையிலிருந்து எடுத்து சாக்ஸுக்குப் பக்கத்தில் விரித்துப் போட்டாள்.

"பிள்ளைகளை ஏமாத்தப் போறியா?"

"அப்ப ஓவேலிக்கு நீங்க வர்றீங்களா?"

அவன் குனிந்து அடுப்பில் இன்னொரு விறகை வைத்தான்.

வெள்ளிக்கிழமை காலை பிள்ளைகள் வருவதற்கு முன்பே கைக்குட்டை வராந்தாக் கம்பிக்கு வந்துவிட்டது. மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. ஒன்பதரைக்கு டக்ளஸ் குடையை உதறிக்கொண்டு வந்தபோது பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்த்துக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். சரிதா அவர் காதில் விழும்படி, "வெளியில போட்டது காஞ்சிருச்சு, உள்ள போட்டது காயல. ஏன்?" என்று கேட்டாள்.

ரேஷ்மா கைக்குட்டையை மூக்கருகே கொண்டுபோனாள். தன் ஸ்வெட்டர் கையை முகர்ந்தாள். திரும்பவும் கைக்குட்டையை முகர்ந்தாள்.

"டீச்சர், இது வெளியில காயல."

"ஏன் சாமி?"

"கற்பூர மரப் புகை அடிக்குது. அடுப்பு மேல காஞ்சா இப்படித்தான் அடிக்கும். இந்தாங்க, என் ஸ்வெட்டரப் பாருங்க."

உடனே ஐந்து பேரும் தங்கள் கையையும் பக்கத்துப் பிள்ளையின் கையையும் முகர ஆரம்பித்தார்கள். சரிதாவுக்குக் காது சூடாகிவிட்டது. இந்த ஊரில் மூன்று மாதம் எல்லாத் துணியும், கற்பூர மரம் என்று இவர்கள் சொல்லும் யூகலிப்டஸ் விறகு எரியும் அடுப்பு மேல்தான் காய்கிறது. அந்த வாசனை கோபியில் ஒரு பிள்ளைக்கும் தெரிந்திருக்காது.

"பாப்பா சொல்றது நிசமா டீச்சர்?" என்றார் டக்ளஸ்.

ஜெஸிந்தா டி.சி. புத்தகத்தோடு பின்னால் நின்றார். ஏதாவது சொல்லிச் சமாளிக்கச் சரிதாவுக்கு அலுப்பாக இருந்தது.

"நிசம்தானுங்க. ரெண்டு நாளா காயவே இல்லை. நீங்க வர்றதுக்குள்ள காயணும்னு நேத்து எங்க ஊட்டு அடுப்பு மேல போட்டேன்."

"இந்த மாசத்துல வெயிலை நம்பித் துணி போட்ட ஒரே ஆள் நீங்கதான் டீச்சர்."

"எங்க ஊட்டுக்காரரும் அதைத்தான் சொன்னாருங்க. போட்டதுக்கு அப்புறம்."

டக்ளஸ் சிரிக்கவில்லை. தன் சட்டைக் கையை மெதுவாக மூக்கருகே கொண்டுபோனார். "இத்தனை வருசமா போடறேன். இந்த வாசம் எனக்கே தெரியல" என்றார் மகளைப் பார்த்து.

மகள் அதைக் கவனிக்கவில்லை. வாளியில் கைக்குட்டையை முக்கி, பிழிந்து, எக்கி எக்கிக் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரும் எடுக்கக் கூடாது. டீச்சரும்தான்" என்றாள்.

"ரேஷ்மா, நாம அந்த ஸ்கூலுக்குப் போகணும்டா."

"காஞ்சதும் வரேம்பா. நீங்க போங்க."

டக்ளஸ் சரிதாவிடம் திரும்பினார். "இது எப்பத்தான் காயும்?"

"ஆகஸ்ட் ஆகும்னு நினைக்கிறேனுங்க."

அவர் வெளியே மழையைப் பார்த்தார். டி.சி. கேட்டு எழுதிக் கொண்டுவந்திருந்த கடுதாசியை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "சரி, காயட்டும்" என்று குடையை விரித்தார். ஜெஸிந்தா அன்று மாலை இருபத்தொன்று என்றே எழுதி அனுப்பினார்.

வீட்டில் அருண்பிரசாத் முதலில் கேட்டது கைக்குட்டையைப் பற்றித்தான்.

"சொட்டச் சொட்ட ஈரம்" என்றாள் சரிதா, அன்றைக்கு நனைந்து வந்து அடுப்பு மேல் அவன் போட்டிருந்த சாக்ஸைத் தொட்டுப் பார்த்தபடி. அதுவும் காயவில்லை.