மதினி சொன்னது ஐரனியா?

அப்பாஸ்ட்ரஃபி என்றால் என்ன என்று ஸ்ரீஜா மேடம் கேட்டதும் வகுப்பில் முதல் ஆளாகக் கை தூக்கியவள் சத்யப்ரியாதான். "எழுத்துக்கு மேல ஓரமா வைக்கிற கமா, மேடம்" என்றாள். பின்வரிசையில் சிரித்தார்கள்.

மேடம் சிரிக்கவில்லை. "அதுவும் அப்பாஸ்ட்ரஃபிதான். ஆனா கவிதைல வேற. எதிர்ல இல்லாத ஒருத்தரை, இல்லைன்னா நிலாவை, காத்தைக் கூப்பிட்டுப் பேசுறது" என்றாள்.

கமாவுக்கும் நிலாவுக்கும் எப்படி ஒரே பேர் வந்தது என்று யோசித்துக்கொண்டே சத்யா உட்கார்ந்தாள். பள்ளியில் தமிழ் ஐயா நடத்திய உவமையும் உருவகமும் அவளுக்கு நன்றாக நினைவிருந்தன. அதனால் சிமிலி, மெட்டஃபர் இரண்டும் பயமுறுத்தவில்லை. மற்றவைதான் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு வந்தன.

சத்யாவுக்கு முப்பத்து மூன்று வயது. விளாங்குடியில் ஒரு நர்சரி பள்ளியில் எல்கேஜி பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். டிகிரி இல்லாதவர்களை இனி வைத்துக்கொள்ள முடியாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டதால் தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நேர்முக வகுப்பு. பாடம் நடத்தும் ஸ்ரீஜா மேடத்துக்கு அவளைவிட வயது குறைவு.

அன்று கடைசியாக ஐரனி வந்தது.

"சொல்றது ஒண்ணு, அர்த்தம் அதுக்கு நேர் எதிர்" என்றாள் மேடம். "வெளிய மழை கொட்டுது, நாம போற பஸ் போயிடுச்சு. அப்போ ஒருத்தர், 'ஆஹா, இன்னைக்கு நாள் ரொம்ப நல்ல நாள்'னு சொன்னா, அது ஐரனி."

"அது பொய்யிங்களா மேடம்?"

"பொய்யை நாம நம்பணும்னு சொல்வாங்க. இதை நம்பக் கூடாதுன்னு சொல்வாங்க."

"நம்பக் கூடாதுன்னு கேக்குறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தொனில தெரியும். சூழ்நிலைல தெரியும்."

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் சத்யாவுக்கு இதே நினைப்பு. இத்தனை வருசத்தில் தன்னிடம் யார் யார் என்னென்ன சொன்னார்கள், அதில் எதையெல்லாம் அப்படியே நம்பித் தொலைத்தோம் என்று மனசு பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. அன்று ராத்திரி அவள் கணவன் ஜெயபாண்டி சாம்பாரை ஊற்றிப் பிசைந்து, "இன்னைக்கு நல்லாருக்கே" என்றான். அவனுக்குக் காளவாசலில் பேட்டரி கடை. பேச்சில் சுற்றி வளைக்கத் தெரியாத ஆள். சத்யா அவன் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"என்ன?" என்றான்.

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"சாம்பாருக்கு எதுக்கு சத்தியம் பண்ணச் சொல்ற?"

இது இப்படியே போயிருந்தால் சிரிப்போடு முடிந்திருக்கும். மறுவாரம் திருவாதவூரிலிருந்து ஜெயபாண்டியின் அக்கா முத்துத்தாய் போன் செய்தாள். கடைக்குட்டிக்குக் காது குத்துகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, குலசாமி கோயிலில். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளப்போகிற தாய்மாமன் ஜெயபாண்டி. சீர்த்தட்டோடு முன்னால் வர வேண்டியவள் சத்யா.

தேதியைக் கேட்டதும் சத்யா காலண்டரைப் பார்த்தாள். அன்று மத்தியானம் அவளுக்குப் பரீட்சை. ஸ்ரீஜா மேடம் நடத்திய அதே தாள்.

"மதினி, அன்னைக்குத்தான் எனக்குப் பரீட்சை" என்றாள் மெதுவாக.

முத்துத்தாய் சொன்னாள்: "பரீட்சைய விட காதுகுத்தா பெருசு? நீ நல்லாப் படி தாயி. தம்பி மட்டும் வந்தாப் போதும்."

போன் வைத்தாகிவிட்டது. சத்யா அடுப்படியிலேயே நின்றாள். தொனியில் தெரியும் என்றார்களே, என்ன தொனி அது? சரியாகக் கேட்க விடாமல் குக்கர் வேறு விசில் அடித்துவிட்டது. முதல் வரியை மட்டும் எடுத்தால் குத்தலாகப் பட்டது. 'தாயி' என்றதை நினைத்தால் பாசமாகப் பட்டது. 'தம்பி மட்டும் வந்தாப் போதும்' என்பதை எப்படித் திருப்பிப் போட்டாலும் இரண்டு பக்கமும் விழுந்தது.

ஜெயபாண்டியிடம் கேட்டாள். "அக்கா நெசமாத்தான் சொல்லும்" என்றான் உடனே. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வந்தவன் இழுத்தான். "ஆனா ஒண்ணு. எங்க சின்னம்மா வீட்டு விசேசத்துக்கு இதே அக்காதான், 'முடிஞ்சா வாடா, முடியாட்டி கெடக்குது'ன்னுச்சு. முடியலன்னு போகாம இருந்ததுக்கு ரொம்ப நாளு பேசாம இருந்துச்சு."

"அப்ப இது?"

"எனக்கென்னத்தத் தெரியும்? நீதான் அதுக்குப் படிக்கிற."

மனசு கேட்காமல் ஸ்ரீஜா மேடத்துக்கே போன் செய்தாள். மேடம் பொறுமையாகக் கேட்டாள். "பரீட்சையை விட காதுகுத்தா பெருசுன்னு கேள்வியாவா கேட்டாங்க? அது ரெட்டாரிக்கல் கொஸ்டின். பதிலை எதிர்பார்க்காத கேள்வி."

"அப்ப ஐரனி இல்லையா மேடம்?"

"ரெட்டாரிக்கல் கொஸ்டினே ஐரனியாவும் இருக்கலாம்" என்றாள் மேடம். பிறகு, "சத்யா, எனக்கு உங்க மதினியைத் தெரியாதே" என்றாள்.

படிக்க உட்கார்ந்தால் எழுத்து ஓடவில்லை. ஆகுபெயர் மாதிரி வருகிற மெட்டோனிமியைப் படித்தால் மதினி குரல் கேட்டது. முரண்பட்ட சொற்களைச் சேர்க்கிற ஆக்ஸிமோரானைப் படித்தால் சீர்த்தட்டு நினைவுக்கு வந்தது. கடைசியில் சனிக்கிழமை சாயங்காலம் சொல்லிவிட்டாள்: "நானும் வாரேன். காலையில காது குத்தி முடிச்சதும் அங்கருந்தே பரீட்சைக்குப் போறேன்." ஜெயபாண்டி மறுக்கவில்லை. அவனுக்கும் அதுதான் நிம்மதியாக இருந்தது போலிருந்தது.

கோயிலில் அவள் தட்டோடு ஆட்டோவை விட்டு இறங்கியதும் முத்துத்தாய் பார்த்துவிட்டாள். பந்தலிலிருந்து வேகமாக வந்தவள் முகம் மாறியது.

"நீ எதுக்குத்தா வந்த?"

சத்யா தட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். இது என்ன கேள்வி? கோபமா? பதிலை எதிர்பார்க்கிற கேள்வியா, எதிர்பார்க்காததா? சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தட்டை வாங்கி வேறொருத்தி கையில் கொடுத்துவிட்டு, முத்துத்தாய் அவளைச் சமையல் நடக்கிற வேப்பமரத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"பரீட்சை என்னாச்சு?"

"ரெண்டு மணிக்கு மதினி."

"காது குத்துற ஆசாரியே இன்னும் வரல. வண்டி பஞ்சராம், மேலூர்ல நிக்கிறாராம். இங்க எல்லாம் முடிய எம்புட்டு நேரம் ஆகுமோ. நான்தான் வர வேணாம்னு சொன்னேன்ல?"

"நீங்க வேற மாதிரி சொன்னீங்கன்னு நெனச்சேன்."

"வேற மாதிரின்னா?"

சத்யா சொன்னாள். சொல்வது ஒன்று, அர்த்தம் எதிர், அதற்கு இங்கிலீஷில் ஒரு பேர், தொனி, குக்கர் விசில் எல்லாவற்றையும் தட்டுத் தடுமாறிச் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுகை வந்தது.

முத்துத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுப்புப் புகை அவள் கண்ணிலும் இருந்தது.

"அம்புட்டு யோசிச்செல்லாம் எனக்குப் பேச வராது சத்யா. சொல்லும்போது நெசமாத்தான் சொன்னேன். உனக்கு வேல போயிரக் கூடாதுல்ல. போன வச்ச பெறகு, அவ வந்தா நல்லாருக்குமேன்னு இருந்துச்சு. இப்ப நீ எறங்கி வரையில சந்தோசமாவும் இருந்துச்சு, இப்படி வந்து நிக்கிறாளேன்னு வயித்தெரிச்சலாவும் இருந்துச்சு. இதுல எது நெசம்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

சத்யாவுக்குத் தான் படித்த பேர்களில் எதையும் இதற்கு வைக்கத் தோன்றவில்லை.

முத்துத்தாய் திரும்பித் தன் கணவனைக் கூப்பிட்டாள். கருத்தக்கண்ணன் ஆட்டுக்கறி வெட்டுகிற இடத்திலிருந்து கை கழுவிக்கொண்டு வந்தார். "பைக்க எடுங்க. இவளப் பரீட்சையில விட்டுட்டு வாங்க" என்றாள்.

"மதினி, காது குத்துறப்ப நான் இல்லாட்டி..."

"தட்டோட வந்து எறங்கினத ஊரே பாத்துருச்சு. போ."

ஒத்தக்கடை வரைக்கும் வெயில் முகத்தில் அறைந்தது. அங்கே லாரிகள் நின்று வழி அடைத்துக்கொண்டது. கருத்தக்கண்ணன் லாரிகளுக்கு இடையில் புகுந்து வெளியே வருவதற்குள் மணி இரண்டை நெருங்கிவிட்டது. மாட்டுத்தாவணி தாண்டி, தேர்வு நடக்கும் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டபோது, "தைரியமா எழுது தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். "சரிண்ணே" என்று ஓடினாள். மணி அடித்து வினாத்தாள் கொடுத்துவிட்டிருந்தார்கள். கண்காணிப்பாளர் அவள் பட்டுப்புடவையையும் தலையிலிருந்த மல்லிகையையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்.

வினாத்தாளில் ஐரனி எங்குமே இல்லை. அலிட்டரேஷன் கேட்டிருந்தார்கள், பெர்சானிஃபிகேஷன் கேட்டிருந்தார்கள். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் சினெக்டகியையும் மெட்டோனிமியையும் வேறுபடுத்தச் சொல்லியிருந்தார்கள். அதை இடம் மாற்றி எழுதிவிட்டோமோ என்ற சந்தேகம் வெளியே வந்த பிறகும் தீரவில்லை. பின்னால் முடிவு வந்தபோது அவள் தேறியிருந்தாள். அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்?

சாயங்காலம் ஜெயபாண்டி வீட்டுக்கு வந்தான். கையில் கறிக்குழம்புத் தூக்கு. பிள்ளை அவன் மடியில் உட்கார்ந்து போட்ட கூப்பாட்டில் இன்னும் ஒரு காது அடைத்திருக்கிறது என்றான்.

"என்னைய யாரும் கேட்டாங்களா?"

"கேக்காம? எல்லாரும் கேட்டாங்க. அக்காதான் பதில் சொல்லுச்சு. 'எங்க சத்யா பெரிய பரீட்சைக்குப் போயிருக்கா'ன்னுச்சு."

சத்யா தூக்கைத் திறக்கப் போனவள் நின்றாள்.

"எப்படிச் சொன்னாங்க?"

ஜெயபாண்டி அவளைக் குழப்பத்தோடு பார்த்தான். "வாயாலதான்" என்றான்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு தூக்கைத் திறந்து இரண்டு தட்டை எடுத்து வைத்தாள்.