படகுத்துறைப் பாட்டில் ஒரு மூச்சு

'ஹக்' என்று ஒரு சத்தம். ஒருவர் போட்ட சத்தம் இல்லை. ஹாலில் இருந்த நாற்பது பேரும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்த சத்தம். மேடையில் பாடிக்கொண்டிருந்த விக் லோமண்ட் பாட்டை நிறுத்திவிட்டார். பியானோ மட்டும் நாலு அடி தனியாக நடந்துபோய், துணைக்கு ஆளில்லை என்று தெரிந்ததும் அதுவும் நின்றது.

"யாருக்கு என்ன ஆச்சு?" விக் கண்ணுக்கு மேல் கையை வைத்து இருட்டைத் துழாவினார். "யாராவது மயங்கி விழுந்துட்டாங்களா? இங்க டாக்டர் யாரும் இருக்கீங்களா?"

டாக்டர் இருந்தார். பல் டாக்டர் சாண்டோ தெலூக்கா. முன் மேஜையில், கழுத்தில் துண்டைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூச்சை இழுத்தவர்களில் அவருடையதுதான் பெரிய மூச்சு.

"எங்களுக்கு ஒண்ணும் ஆகல. உங்களுக்குத்தான் ஏதோ ஆயிருக்கு," என்றார் அவர்.

விஷயம் இதுதான். தெற்கு ஃபிலடெல்ஃபியாவில் எங்கள் விக் லோமண்ட் ரசிகர் சங்கம் ஆண்டுக்கொருமுறை, ஈஸ்டர் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாதா கோவில் அடித்தளத்தில் கூடிச் சாப்பிடும். சாப்பாட்டுக்கும் காபிக்கும் நடுவில் படகுத்துறைப் பாட்டின் இசைத்தட்டைப் போடுவோம். ஐம்பத்தொன்றாம் வருடப் பதிவு. காதலியை ஏற்றி வரும் படகுக்காக ஒருத்தன் கரையில் நிற்கிறான். இரண்டாவது சரணத்தில் 'நீ வராமல்' என்று பாடிவிட்டு, விக் ஒரு மூச்சு இழுப்பார். அப்புறம்தான் 'போனாலும்' என்பார். அந்த மூச்சு வரும் இடத்தில் எல்லோரும் எழுந்து நின்று அவரோடு சேர்ந்து மூச்சு இழுப்பது எங்கள் வழக்கம். முந்திரிக்கொட்டையாக முன்னாலேயே இழுத்துவிடும் புது உறுப்பினர்களை அடுத்த வருடம் சமையலறைப் பக்கத்து மேஜையில் உட்காரவைப்போம்.

அது வெறும் மூச்சல்ல, விட்டுப்போன முதல் மனைவிக்காக எழுந்த விம்மல் என்று சங்கத்தின் பத்திரிகையில் சாண்டோ மூன்று பகுதிகளாக எழுதியிருக்கிறார். காற்று எந்தப் பல்லுக்கும் எந்தப் பல்லுக்கும் நடுவில் நுழைந்தது என்பதுவரை படம் போட்டிருந்தார்.

இப்படிப்பட்ட சங்கத்துக்குத்தான், விக்கையே நேரில் கூட்டிவந்தார் தலைவர் அமெரிகோ பெல்லூச்சி. அதற்கு முந்தைய வருடம்வரை விக்கின் ஆன்மா சாந்திக்காக நாங்கள் பூசை கொடுத்துக்கொண்டிருந்தோம். ஆள் ஃப்ளோரிடாவில், மகள் வீட்டில், தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நன்றாக இருக்கிறார் என்று அமெரிகோ கண்டுபிடித்தபின் பூசையை நிறுத்தினோம். அது அவசரப்பட்டு எடுத்த முடிவு என்பது சாண்டோவின் கருத்து.

கூப்பிட்டதும் விக் கிளம்பிவிட்டார். பல வருடமாக அவரை யாரும் பாடக் கூப்பிடவில்லை. எழுபத்தாறு வயதில், பழைய வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, ரயிலிலிருந்து இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பியானோ சுருதி சேர்ந்திருக்கா?"

அமெரிகோவுக்கு அன்றைக்கு இன்னொரு பயமும் இருந்தது. காபிக்குப் பிறகு தலைவர் தேர்தல். சாண்டோ போட்டியிடுகிறார். அமெரிகோ கறிக்கடையை மகனிடம் கொடுத்தபின், தெருவில் நாலு பேர் அவரை நிறுத்திப் பேசுவது அந்தத் தலைவர் பதவியால்தான். அதுவும் போனால், மகனின் கடை வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். விக் வந்து பாடிவிட்டால் பதவி தன்னைவிட்டு எங்கும் போகாது என்று கணக்குப் போட்டிருந்தார்.

விக் படகுத்துறைப் பாட்டைப் பாடினார். தாளத்தை முன்னால் நடக்கவிட்டு, பின்னால் சாவகாசமாக வந்தார். இனிமேல் எட்டிப் பிடிக்க மாட்டார் என்று தோன்றும்போது, பக்கத்துச் சந்தில் புகுந்து தாளத்துக்கு முன்னால் போய் நின்றார். குரல் தேய்ந்திருந்தது. ஆனால் காத்திருக்கிறவன் குரல் தேயாமல் என்ன செய்யும்? அமெரிகோவின் கால் மேஜைக்கடியில் தானாகத் தட்டுவதை நானே பார்த்தேன்.

இரண்டாவது சரணம் வந்தது. நாற்பது பேரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தோம். 'நீ வராமல்' என்றார். நாங்கள் இழுத்தோம். அவர் இழுக்கவில்லை. 'நீ வராமல் போனாலும்' என்று ஒரே மூச்சில், கயிற்றில் நடப்பவன் மாதிரி, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டார். எங்கள் 'ஹக்' மட்டும் ஹால் நடுவில் தனியாக நின்றது.

"ஒண்ணுமில்ல, சார். நீங்க பாடுங்க," என்று அமெரிகோ எழுந்து சமாளித்தார்.

விக் விட்ட இடத்திலிருந்து எடுத்து முடித்தார். நாங்கள் கைதட்டினோம், கையுறை போட்டவர்கள் தட்டுகிற மாதிரி. சமையலறைக் கதவருகே மட்டும் ஈரக் கையால் பலமாகத் தட்டிய சத்தம் கேட்டது. அமெரிகோவின் மனைவி ஃபிலோமினா.

சாண்டோ எழுந்தார். "அமெரிகோ, அந்த ஆளு மூச்சை இழுக்காம விட்டுட்டாரு."

"வயசாச்சுப்பா. மறந்திருப்பாரு."

"மறக்குற விஷயமா அது? கல்யாணத்துல மோதிரத்தை மறப்பியா? போய்க் கேளு. மறுபடி ஒழுங்கா பாடச் சொல்லு."

அமெரிகோ மேடைக்குப் போனார். வெளியூர்க்காரரிடம் வீட்டு வாடகை பேசுகிறவர் மாதிரி குனிந்து, தயங்கி, விஷயத்தைச் சொன்னார். மைக் திறந்திருந்ததால் விக்கின் பதில் எல்லோருக்கும் கேட்டது.

"அந்த மூச்சா? அன்னிக்கு எனக்கு நெஞ்சு முழுக்கச் சளி, தம்பி. இன்னொரு தடவை பாடறேன்னு கெஞ்சினேன். பேண்டு வாத்தியார் ரயிலுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டாரு. ரேடியோல அந்தப் பாட்டு வந்தா எந்திரிச்சு வெளிய போயிடுவேன். ஸ்கூல் பையன் மூச்சுத் திணறுற மாதிரி இருக்கும். இன்னிக்குத்தான் அதைச் சரியா தாண்டினேன். பாத்தீங்களா? எழுபத்தாறு வயசுல, ஒரே இழுப்புல." சிரித்தபோது அவர் முகத்தில் இருபது வயது குறைந்தது.

அமெரிகோ எங்கள் மேஜைக்குத் திரும்பி வந்தார்.

"சளியாமே," என்றார் அமெரிகோ மெதுவாக.

"யார் சொன்னா?" என்றார் சாண்டோ.

"அவரேதான்."

"அவருக்கு என்ன தெரியும்? பாடினதோட அவர் வேலை முடிஞ்சுது. முப்பத்தாறு வருஷமா அந்த மூச்சைக் கேட்டவன் நானா, அவரா? எந்திரிச்சு வெளிய போயிடுவேன்னு அவர் வாயாலயே சொல்றாரு. கேக்காதவர் பேச்சை எப்படி நம்புறது?"

 எங்களில் இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

ஃபிலோமினா கையைத் துடைத்துக்கொண்டு மேஜைக்கு வந்தாள். அவளுக்கு விக் லோமண்ட் பிடிக்காது என்பது ஊரறிந்த விஷயம். இசைத்தட்டு போட்டால் கதவைச் சாத்திக்கொள்வாள்.

"அமெரிகோ, கல்யாணமான நாளிலேர்ந்து அந்த ரெக்கார்டைக் கேட்டுக் கேட்டு என் காது மரத்துப்போச்சு. இன்னிக்குத்தான் அது ஒரு ஆளு காத்துக்கிட்டு நிக்கிற பாட்டுன்னே புரிஞ்சுது. அடுப்புல குழம்பை விட்டுட்டு நின்னுட்டேன். இன்னொண்ணு பாடச் சொல்லு."

"நீ சங்கத்துல உறுப்பினரா, ஃபிலோமினா?" என்றார் சாண்டோ.

"இல்ல. அதனாலதான் எனக்குப் பாட்டு கேட்டுச்சு."

அமெரிகோ முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. பாட்டு நடக்கும்போதே கலங்கிவிட்டது. மிளகாய் என்று சொல்லித் துடைத்துக்கொண்டார். அன்றைய சாப்பாட்டில் காரம் கிடையாது.

சாண்டோ குரலைத் தாழ்த்தினார். "நீ கூட்டிட்டு வந்த ஆளு. இன்னும் எத்தனை பாட்டைக் கெடுக்கப்போறாருன்னு தெரியல. காபி வர்றதுக்குள்ள நிறுத்து. ஒழுங்கா ரெக்கார்டைப் போட்டு எல்லாரும் நிம்மதியா மூச்சு விடுவோம். இல்லேன்னா கை தூக்குற நேரத்துல இவங்க யாரு பக்கம் தூக்குவாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல."

அமெரிகோ எங்கள் முகங்களைப் பார்த்தார். நாங்கள் ரொட்டித் துண்டுகளைப் பார்த்தோம்.

"அமெரிகோ, உனக்கு அவர் பாட்டு பிடிச்சிருந்துச்சு," என்றாள் ஃபிலோமினா. "உன் கால் தட்டினதை நான் அங்கேர்ந்தே பாத்தேன்."

"கால் தட்டும். அதுக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு அமெரிகோ மேடையை நோக்கி நடந்தார்.

மேடையில் விக் கோட்டைக் கழற்றிப் பியானோ மேல் போட்டிருந்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டே, பியானோக்காரரிடம் அடுத்த பாட்டின் வேகத்தை விரல் சொடுக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். கிழவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. அமெரிகோவைப் பார்த்ததும் மைக்கை அவர் பக்கம் நீட்டினார்.

"என்ன தம்பி, கூட்டம் என்ன கேக்குது? மெதுவா ஒண்ணு போடட்டுமா, ஆடுற மாதிரி ஒண்ணு போடட்டுமா?"

அமெரிகோ மைக்கை வாங்கி அதன் ஸ்விட்சை அணைத்தார். பியானோ மேல் கிடந்த வெள்ளைக் கோட்டை எடுத்து, தூசி தட்டி, விக் போட்டுக்கொள்ள வசதியாக விரித்துப் பிடித்தார்.

"நீங்க நல்லாத்தான் பாடுறீங்க, சார். தப்பா நினைச்சுக்காதீங்க, எங்களுக்கு விக் லோமண்ட்தான் வேணும்."