வலப்பக்கம் திறக்கும் புத்தகங்கள்

அப்ராஸ் கை கழுவாமல் அந்தப் புத்தகங்களைத் தொடமாட்டான். வம்பு அங்கேதான் தொடங்கியது.

இந்தப் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் வீடு பெண்ணுக்குரியது. கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு அங்கே போய்ச் சேர வேண்டும். அப்ராஸ் வரிப்பத்தான்சேனையிலிருந்து நிந்தவூருக்கு, ஹிமாயாவின் வீட்டுக்கு வந்தபோது அவனுடைய உடுப்பு ஒரு பெட்டிக்குள் அடங்கிவிட்டது. மற்றப் பெட்டிகள் நிறைய மங்கா என்கிற ஜப்பானியச் சித்திரக் கதைப் புத்தகங்கள். கூடவே அந்தக் கதைகள் அனிமே படமாக வந்த டீவீடித் தொகுப்புகள். ஜப்பானில் பழைய வாகனங்களைக் கழற்றும் யார்ட் ஒன்றில் வேலை செய்யும் அவன் மச்சான் நஸீம், பழைய புத்தகக் கடைகளில் தேடி எடுத்து, உதிரிப்பாகப் பெட்டிகளுக்குள் செருகி அனுப்பியவை அவை.

வரிப்பத்தான்சேனைக் காற்றில் வயல் வாசம் மட்டும்தான். நிந்தவூர்க் காற்றில் உப்பு இருக்கிறது. உப்பு ஈரத்தை இழுக்கும், அந்த ஈரத்தைத் தாள் குடிக்கும். மங்காத் தாளோ வாரச் சஞ்சிகைத் தாள் மாதிரி மலிவானது. சும்மா வைத்தாலே சில வருடங்களில் ஓரம் மஞ்சளாகிவிடும். வியர்வையிலும் உப்பு இருப்பதால் விரல் பட்ட இடம் இன்னும் சீக்கிரம் பழுக்கும். ஆகவே அப்ராஸ் கையை நன்றாகக் கழுவி, துடைத்து, காயவிட்டு, அதன் பிறகுதான் புத்தகத்தை எடுப்பான். டீவீடிகளுக்கு வேறு ஏற்பாடு. மருந்துக்கடையில் வேலை செய்யும் ஹிமாயா, மாத்திரைப் போத்தல்களுக்குள் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களைச் சேர்த்துக்கொண்டு வருவாள். அவற்றைப் பிஸ்கட் தகரத்துக்குள் போட்டு, தொகுப்புகளை அடுக்கி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவான்.

புத்தகங்களில் அவனுக்கு உயிர், ‘மழைத் தபால்’ என்று அவனே பெயர் வைத்திருந்த தொடர். எந்நேரமும் மழை பெய்யும் ஓர் ஊரில் வீடு வீடாகக் கடிதம் கொண்டுபோகும் ஒரு பெண்ணின் கதை. அச்சு நின்றுபோன தொடர் என்பதால் எல்லாப் பாகங்களும் கை சேர வருடக்கணக்காயிற்று. ஒவ்வொரு பாகத்தின் மேலுறையிலும் அந்தப் பெண்ணின் முகம். அப்ராஸின் மாமியார் நாச்சியா உம்மாவோ, உருவப் படம் இருக்கிற வீட்டுக்குள் மலக்குமார் என்கிற வானவர்கள் வரமாட்டார்கள் என்று கலண்டரைக்கூடப் பூப்படம் பார்த்து வாங்குகிறவர். வந்த வீட்டில் முரண்படக் கூடாதென்று அப்ராஸ் ஒவ்வொன்றுக்கும் மண்ணிறத் தாளில் உறை போட்டு ஒட்டி, தரையின் ஈரம் எட்டாதபடி அலுமாரியின் உச்சித் தட்டில் வைத்தான். அந்தத் தட்டில் முன்பு குர்ஆன் மட்டும்தான் இருந்தது.

இனி, நாச்சியா உம்மாவின் கண்ணால் பாருங்கள். மருமகன் விடிகாலைச் சுபஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து வருகிறார். கிணற்றடியில், தொழுகைக்கு முன் உளுச் செய்து சுத்தமாகிறவர்போல், கை கழுவுகிறார். குர்ஆன் இருக்கும் தட்டிலிருந்து உறை போட்ட ஒரு புத்தகத்தை இரண்டு கையாலும் இறக்குகிறார். ஜன்னலோரம் உட்கார்ந்து வலப்பக்கத்திலிருந்து திறக்கிறார். வாய் மெல்ல அசைகிறது. உண்மையில் அவன் ஜப்பானிய எழுத்தைக் கூட்டிக்கொண்டிருந்தான். பெரிய எழுத்துகளின் பக்கத்தில், பிள்ளைகளுக்காக, உச்சரிப்பைச் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு வரி வரியாகப் போவான். ஆனால் தூரத்திலிருந்து பார்க்கிற மாமிக்கு அது, மார்க்க நூலான கிதாபு ஓதுவதாகத்தானே தெரியும்?

“எங்கட மருமகன் சுபஹு தொழுதிட்டு வந்தா கிதாபுதான். உளு இல்லாம தொடமாட்டாரு,” என்று அவர் பக்கத்து வீட்டு ஸைனம்புவிடம் வேலிக்கு மேலால் சொன்னதை, அறைக்குள் இருந்த அப்ராஸ் கேட்டான். ஹிமாயாவும் கேட்டாள்.

“போய்ச் சொல்லுங்க, அது கிதாபு இல்லயெண்டு.”

“எப்பிடிச் சொல்ற? சந்தோசமாக் கதைச்சிக்கி இரிக்கிறா.”

“ஓம், சொல்லமாட்டீங்கதான். கிதாபு ஓதுற மருமகனுக்குத்தானே உம்மா சோத்தில மீன்தல வைக்கிற.”

அவன் சிரித்து மழுப்பினான். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டதைப் பிறகு ஒவ்வொரு நாளும் அப்படியே விட்டான்.

நோன்புக்கு முன் வீட்டுக்கு வர்ணம் அடித்தார்கள். நெல் ஆலையில் அரிசி தரம் பிரிக்கும் மெசின் வேலை முடிந்து பின்னேரம் வந்த அப்ராஸ், கழுவிய கையோடு அலுமாரியைத் திறந்தான். உச்சித் தட்டில் குர்ஆன் மட்டும் இருந்தது.

“தேடாதீங்க மகன்,” என்றார் மாமி, தேத்தண்ணிக் கோப்பையை நீட்டியபடி. முகமெல்லாம் பூரிப்பு. “பைண்டிங்குக்குக் குடுத்திரிக்கன். கரையெல்லாம் மஞ்சளாப் போச்சு. கல்முனக்குடி முகைதீன்பாவாட கடைக்கு. பச்ச ரெக்சின், பொன் எழுத்து. வீடு துடைச்ச கை, உளுவும் இல்ல. அதான் திறந்தும் பாக்கல்ல, வெள்ளத் துணியில கட்டி சப்ரிட ஓட்டோவில காலையிலயே அனுப்பிட்டன்.”

அப்ராஸ் கோப்பையை வாங்கினான்.

“இன்னொண்டு மகன். நோன்புக்குள்ள ஒரு நாளைக்கு நம்மட பொம்புளயளுக்கு அதில கொஞ்சம் மருமகன் வாசிச்சுக் காட்டுவாரெண்டு சொல்லிரிக்கன். மாட்டனெண்டு சொல்லிப்போடாதீங்க.”

கோப்பையை மேசையில் வைத்துவிட்டு அவன் மோட்டார்சைக்கிளை எடுத்தான்.

காரைதீவைத் தாண்டும்போது அவன் மனதுக்குள் பைண்டிங் வேலை நடந்துகொண்டிருந்தது. முதலில் பழைய மட்டையை உரிப்பார்கள். முதுகிலுள்ள பசையைச் சுரண்டுவார்கள். ஈர்வாளால் கீறல் போட்டு, நூல் கோத்து, பசை பூசி, பாரம் வைத்துக் காயவிடுவார்கள். கடைசியில் பெரிய கத்தி மெசினில் மூன்று கரையையும் நேராக வெட்டுவார்கள். குர்ஆனிலும் கிதாபிலும் எழுத்தைச் சுற்றி வெற்றிடம் இருக்கும், வெட்டினால் ஒன்றும் குறையாது. மங்காவில் படம் தாளின் விளிம்புவரை ஓடும். ஒரு நூல் அளவு வெட்டினாலும் ஓடுகிற பெண்ணின் கால் போகும், தலைக்கு மேலே மழை போகும். சாய்ந்தமருதுச் சன நெரிசலில் பஸ் ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டு, அந்தக் கத்தி இறங்குவதையே நினைத்துக்கொண்டிருந்தான்.

முகைதீன்பாவா கத்தி மெசினுக்குப் பக்கத்தில், மூக்கு நுனியில் கண்ணாடியோடு, ‘மழைத் தபாலில்’ ஒரு பாகத்தை விரித்து வைத்துக்கொண்டு இருந்தார். மற்றவை வெள்ளைத் துணியில் அப்படியே.

“வாங்க மாப்புள. நாச்சியாட மருமகன்தானே? நீங்க வருவீங்கெண்டுதான் பாத்திக்கி இரிந்த.” பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். “இந்தப் புள்ள ஏன் தம்பி இப்பிடி நனையுது? ஊரில ஒருத்தர்ட்டயும் கொடை இல்லயா?”

“காக்கா, வெட்டிட்டீங்களா?” என்று பெரியவரிடம் கேட்டான்.

“ஒண்டுட மட்டைய உரிச்சிப்போட்டன். நான் மட்டையப் பாக்கிறல்ல, கத்திய விட்டு முதுகோட இழுத்து எறியிற. பிறகுதான் உள்ளுக்குப் பாத்தா, ஒரு பொம்புளப்புள்ள மழைக்க ஓடுறா. கைய எடுத்திட்டன்.”

முதல் பாகம். மட்டை குப்பைக் கூடையில் இரண்டாகக் கிழிந்து கிடந்தது. மேலுறையின் அடியில் சுற்றியிருக்கும் சின்ன விளம்பரப் பட்டியும் கிழிந்திருந்தது. சேகரிக்கிறவர்கள் புத்தகத்தை வாங்கும்போது முதலில் பார்ப்பது அந்தப் பட்டி இருக்கிறதா என்றுதான். அப்ராஸ் துண்டுகளைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

“மாமிக்குச் சொன்னீங்களா காக்கா?”

“நான் என்னத்தச் சொல்ற? அவ காலையில போன் எடுத்து, பொன் எழுத்தில உங்கட பேரையும் போடச் சொன்னா.” முகைதீன்பாவா குரலைத் தாழ்த்தினார். “தம்பி, ஒண்டு செய்யலாம். எல்லாத்தையும் பச்ச ரெக்சினில கட்டித் தாறன். பூட்டி மேல வச்சிட்டா ஒருத்தருக்கும் தெரியா. அவக்கும் மரியாத, உங்களுக்கும் மரியாத.”

“வெட்டாமக் கட்டேலாதா?”

“வெட்டாட்டிக் கரை ஒழுங்கா வராது. பாக்கிற ஆள் கேக்கும்.”

அப்ராஸ் அடுக்கைப் பார்த்தபடி நின்றான். வெட்டினால் புத்தகம் போகும். வெட்டாமல் கொண்டுபோனால் மாமி ஸைனம்புவின் முகத்தில் எப்படி விழிப்பார்? சரி, வெட்டித்தான் வைப்போம். நோன்புக்குள் பெண்கள் வந்து உட்காருவார்கள். கதவுக்கு அப்பால் நின்று அவன் எதை வாசிப்பான்? தலைவலி என்பான். அடுத்த தரம் வேறொன்று சொல்வான். உச்சித் தட்டில் பச்சையும் பொன்னுமாய் அது மினுங்கும் காலமெல்லாம் அவன் அந்த வீட்டில் வேறொரு மருமகனாக நடிக்க வேண்டும்.

“அப்பிடியே தாங்க காக்கா. நான் மாமிட்டக் கதைக்கிறன்.”

வீட்டில் மாமி மூட்டையைப் பார்த்ததும் எழுந்தார். “என்ன மகன், ரெக்சின் இல்லயாமா?”

“இரிங்க மாமி,” என்றான். நின்றபடியே உள்ளதைச் சொல்லத் தொடங்கி, பாதியில் அவனும் உட்கார்ந்தான். ஹிமாயா குசினி வாசலில் வந்து நின்றாள்.

மாமி மூட்டையின் முடிச்சை அவிழ்த்தார்.

“அப்ப, அந்தக் கை கழுவுறது?”

“உப்பு மாமி. விரலில உள்ள உப்பு தாளுக்குக் கூடாது.”

“வாய் அசையுறது?”

“எழுத்துக் கூட்டுற.”

“நான் ஊரெல்லாம் சொல்லிப்போட்டனே.” அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “நீங்க கேட்டிக்கித்தான் இரிந்தீங்களா?”

“ஓம் மாமி. அண்டைக்கே சொல்லிரிக்கணும். நீங்க சந்தோசமா இரிந்ததப் பாத்து விட்டுட்டன். பிழ என்ட பக்கம்தான்.”

மட்டை உரிந்த பாகம் மூட்டையின் மேலே கிடந்தது. மாமி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கிணற்றடிக்குப் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் அப்ராஸ் நினைத்தான். திரும்பி வந்தபோது அவர் கை ஈரமாக இருந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டே உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் வைத்து வலப்பக்கத்திலிருந்து திறந்தார்.

மங்காப் பக்கம் கட்டங்களாகப் பிரிந்திருக்கும். மேலே வலது மூலையில் தொடங்கி இடப்பக்கம் போய், கீழே இறங்கி, மறுபடியும் வலமிருந்து போக வேண்டும். இதை ஹிமாயாவுக்கு எத்தனையோ தரம் சொல்லிக் கொடுத்தும் அவள் கண் இடப்பக்கத்துக்கே ஓடும், கதை தலைகீழாகிவிடும். மாமியின் விரல் ஒரு சொல்லும் கேட்காமல் வலது மூலையில் போய் நின்றது. அங்கிருந்து இடப்பக்கம். பிறகு கீழே. சின்ன வயதிலிருந்து குர்ஆன் ஓதிய விரல் அது.

“கடிதம் கொண்டு போறாவா?”

“ஓம்.”

“அதுக்குத்தான் நனையுறா.” விரல் ஒரு கட்டத்தில் நின்றது. “பாருங்க, கொடை இரிக்கி. தலைக்குப் பிடிக்கல்ல, கடிதப் பைக்குப் பிடிச்சிரிக்கா.”

ஹிமாயா வந்து எட்டிப் பார்த்தாள். “எனக்கு இதத் தெரியாதே.”

“நீ எங்க ஒழுங்கா ஓதின? ஓதப் போகச் சொன்னா வேலிக்குள்ளால ஓடின ஆளு.” புத்தகத்தை மூடியபோது மாமியின் குரல் பழையபடி ஆகியிருந்தது. “மகன், இது ஓதுற பொத்தகத்தோட ஒரு தட்டில இரிக்கக் கூடா. கீழ்த் தட்ட ஒதுக்கித் தாறன். வீட்டுக்க முகம் தெரியக் கூடா, உறையும் கழட்டாதீங்க.”

“சரி மாமி.”

“பைண்டிங்குக்குக் குடுத்தனெண்டும் சொல்லிட்டன். அதுக்கு என்ன செய்ற?”

அதற்கு அப்ராஸிடம் பதில் இருந்தது. ஜப்பானில் முழுத் தொடரையும் வைக்க, ஒரு பக்கம் திறந்த மட்டைப் பெட்டி விற்பார்கள்; முதுகுகள் வெளியே தெரிய, புத்தகங்கள் உள்ளே நெருங்கி நிற்கும். புத்தகத்தில் கத்தி படத் தேவையில்லை. மட்டையும் ரெக்சினும் பசையும் போதும். முகைதீன்பாவாவுக்கு அது பெரிய வேலை இல்லை.

“செய்யச் சொல்லுங்க. பச்ச ரெக்சின்தான்,” என்றார் மாமி. “பொன் எழுத்தில என்ன போடுறெண்டு நான் சொல்றன்.”

நோன்புக்குள் ஒரு பின்னேரம், குர்ஆன் ஓதிவிட்டு இளைப்பாறிக்கொண்டிருந்த பெண்கள் அலுமாரியின் கீழ்த் தட்டைப் பார்த்தார்கள். முதல் பாகத்தை முகைதீன்பாவா கரை வெட்டாமலே ரெக்சினில் கட்டியிருந்தார். அந்தத் தடித்த மட்டையின் அளவுக்குப் பெட்டி செய்ததால் மற்றப் பாகங்கள் அதன் பக்கத்தில் கொஞ்சம் குள்ளமாக நின்றன. பெட்டியின் பக்கவாட்டில், கண்ணாடி போடாத கண்ணுக்கும் தெரியும்படி பொன் எழுத்து: ‘ஹிமாயாட மாப்புளட படப்பொத்தகம்.’

“இதானா நாச்சியா, அந்தக் கிதாபு?” என்று ஸைனம்பு கையை நீட்டினார்.

“கிதாபு இல்ல. நான்தான் பிழையா விளங்கிட்டன், எழுதிப் போட்டிரிக்கன், வாசிங்க,” என்றார் நாச்சியா உம்மா. “தொடுறெண்டா கையக் கழுவிட்டு வாங்க.”