மறுசோற்றுக்கு எந்தக் கை?

எல்லாரும் சௌக்கியம்தானே? இந்த மழைக்குத் தொண்டைக்கட்டு, இருமல் ஒன்றும் இல்லையே? இருந்தால் நாலு மிளகைத் தட்டிப் போட்டு ரசம் வைத்துக் குடியுங்கள். ரசம் என்றதும்தான் சொல்ல வந்தது ஞாபகம் வருகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை கன்டோன்மென்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். இலை கிடையாது. மேசைமேல் வரிசையாகப் பாத்திரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி, பக்கத்தில் 'சுகாதாரம் காப்போம்' என்று ஒரு அட்டை. நானும் தட்டை நிரப்பிக்கொண்டு, ஒரு நாற்காலியைத் தேடிப் பிடித்து, பிசைந்து சாப்பிட்டேன். ரசம் பிரமாதம். இன்னொரு கரண்டி வாங்கலாம் என்று எழுந்து போய் மேசைமுன் நின்றேன். வலது கை முழுக்கச் சோறு. இடது கையில் தட்டு. எதிரே கரண்டி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் நின்ற பெண், "என்னம்மா, தானா சிரிக்கிறீங்க?" என்றாள். அவளிடம் சொல்ல ஆரம்பித்தால் வரிசை ஸ்ரீரங்கம் வரைக்கும் நீண்டுவிடும். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

1964. தஞ்சாவூர் ரோட்டில், திருவெறும்பூர் தாண்டி, போல்ட்டும் நட்டும் செய்யும் ஒரு தொழிற்சாலை இருந்தது. முந்நூறு பேருக்கு மத்தியானச் சாப்பாடு போடும் கேன்டீனில் எனக்கு சூப்பர்வைசர் வேலை. மதராஸில் ஒரு வருஷம் சமையற்கலை படித்துவிட்டு வந்திருந்தேன். லூர்துராணி என்று முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் பொறுமை இல்லை. படித்த பெண் கேன்டீனில் நின்றால் அவளை என்னவென்று கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. அதனால் எல்லாருக்கும் நான் டீச்சரம்மா. மூன்று மாதம் சோதனை வேலை. பிடித்திருந்தால் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். அப்பா தவறிப்போன வருஷம் அது. பாலக்கரையில் அம்மாவும் இரண்டு தங்கைகளும் அந்த 'நிரந்தரம்' என்ற சொல்லுக்காகத் தினமும் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதெல்லாம் பந்திதான். நீள பெஞ்சில் உட்கார்ந்தால் பரிமாறுகிறவர்கள் வாளியோடு வருவார்கள். மூன்று பேர் பரிமாறினாலும், கூடம் முழுக்கக் கேட்பது இருசம்மாளின் குரல்தான். நாற்பது வயது, குள்ளம், கையில் சாம்பார் வாளி. எவன் முதல்நாள் காய்ச்சலில் கிடந்தான், எவன் பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு வந்திருக்கிறான் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். "போதும்னு வாயால சொல்லணும். கண்ணால சொன்னா எனக்குக் கேக்காது" என்று ஊற்றிக்கொண்டே போவாள். தட்டின்மேல் கையை விரித்துக் குறுக்கே நீட்டினாலும் விரல் இடுக்கு வழியாக ஒரு கரண்டி இறங்கிவிடும். அவளுடைய புருஷன் காத்தான் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து வீட்டோடு கிடந்தார். அந்த வாளியை நம்பித்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அந்த வருஷக் கோடையில் ஊரெங்கும் மஞ்சள் காமாலை. எங்கள் ஆட்களிலும் பதினேழு பேர் படுத்துவிட்டார்கள். மானேஜர் தண்டபாணி சார் பதறிப்போனார். அவர் முதலாளியின் மருமகன், லால்குடிக்காரர், மெஷின் வாங்க ஜெர்மனி போய் ஆறு மாதம் இருந்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். நல்ல மனுஷர், ஆனால் பார்த்ததையெல்லாம் உடனே செய்துபார்க்க வேண்டும் அவருக்கு.

"அங்க யாரும் யாருக்கும் பரிமாறுறதில்லம்மா. வரிசையா வருவாங்க, வேணுங்கிறதைத் தானே எடுத்துப்பாங்க, போயிடுவாங்க. ஒருத்தர் கை இன்னொருத்தர் தட்டுல படாது. அதான் சுத்தம். முந்நூறு தட்டுக்கும் ஒரே ஆள் கைன்னா கிருமி பரவாம என்ன செய்யும்?"

ஒரு மாதம் நடத்திப் பார்ப்பது என்று முடிவாயிற்று. மாதக் கடைசியில் நான் அறிக்கை எழுதித் தர வேண்டும். "ரெண்டு வரி போதும். 'வெற்றி'ன்னு எழுதுங்க. நீங்க நிரந்தரம். பரிமாறுற ஆம்பளைங்க ரெண்டு பேரையும் பேக்கிங்ல போட்டுடலாம். இருசம்மாளை ஒண்ணாம் தேதியிலேருந்து வேலையை விட்டு நிறுத்திடலாம்." ரயில் நேரம் சொல்கிற மாதிரி சொன்னார்.

இருசம்மாளிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஒரு மாதத்துக்குக் குழாயடியில் தட்டுக் கழுவும் வேலை என்றேன். மீதியையும் சொன்னேன். அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றினாள்.

"ஏன் டீச்சரம்மா, ஒரு கை முந்நூறு தட்டுக்குப் பரிமாறுனா அசுத்தம். முந்நூறு கை ஒரே கரண்டியப் புடிச்சா சுத்தமா? இது எந்த ஊரு கணக்கு?"

"ஜெர்மனிக் கணக்குக்கா."

"அங்க கைய நக்கிச் சாப்புட மாட்டாங்களோ என்னமோ" என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய்விட்டாள்.

அவள் வாயில் சும்மா வந்த வார்த்தைதான். ஆனால் முதல் நாளே அதுதான் வந்து நின்றது. வரிசை அழகாக நகர்ந்தது. எல்லாரும் சுத்தமான கையால் கரண்டி பிடித்து, சோறும் சாம்பாரும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தண்டபாணி சார் வாசலில் நின்று பார்த்துவிட்டு எனக்குக் கை கொடுக்காத குறையாகப் போனார். அவருக்குத் தன் அறையில், தட்டில், ஸ்பூன் வைத்துச் சாப்பாடு போகும். அவர் போன ஐந்தாவது நிமிஷம் கூடத்தில் அதுவரை கேட்டிராத ஒரு அமைதி. முந்நூறு பேரும் தங்கள் காலித் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மறுசோறு வேண்டும். வலது கை எச்சில். எச்சில் கையால் பொதுக் கரண்டியைத் தொட முடியுமா? அப்படியானால் இடது கை. இடது கையால் சாப்பாட்டைத் தொடுவதா! சொல்லவே வாய் கூசும். ஆண்டவன் கொடுத்தது இரண்டே கை, இரண்டுமே ஆகாது.

ஃபிட்டர் ஜமால்தான் முதலில் சத்தம் போட்டுச் சிரித்தார். "டீச்சரம்மா, எங்க கல்யாணத்துல சகன்னு ஒரே பெரிய தட்டுல நாலு பேரு கை வச்சுச் சாப்புடுவோம். ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆனதில்ல. ஆனா அந்த நாலு பேருக்கும் ஆணம் ஊத்த சுத்தமான கையோட ஒருத்தன் நிப்பான்!"

கணக்குப் பிரிவில் சம்பத் என்று ஒருவர், ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் வருகிறவர். எங்கள் சமையலைத் தொடமாட்டார், வீட்டுச் சாப்பாடுதான். ஆனாலும் வேடிக்கை பார்க்கத் தவறாமல் வந்துவிடுவார். "நம்பெருமாளுக்கு நாலு கை இருக்கோன்னோ, அவராலயே முடியாதுங்காணும். சங்கு, சக்கரத்தையெல்லாம் யார்கிட்ட குடுத்துட்டுக் கரண்டியப் பிடிப்பர்?" என்றார்.

என்னென்னவோ செய்துபார்த்தோம். கை கழுவிவிட்டு வந்து எடுங்கள் என்றேன். குழாயடியில் கூட்டம் சேர்ந்து, ஈரக் கையோடு வந்து கரண்டி பிடித்ததில், சாம்பார் சாப்பாடு முடிவதற்குள் ரசமாகிவிட்டது. ஸ்பூன் வாங்கி வைத்தேன். அதை வைத்து லேத்துக்காரர்கள் முதுகு சொறிந்துகொண்டார்கள். பிறகு அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மறுசோறு கிடையாது என்று தெரிந்துவிட்டதால், முதல் தடவையே மலைக்கோட்டை மாதிரி குவித்துக்கொண்டு போனார்கள். முன்னால் வந்தவன் தட்டில் பாதி மிஞ்சித் தொட்டிக்குப் போயிற்று. பின்னால் வந்தவனுக்கு அண்டாவின் அடி. இருசம்மாள் அந்த எச்சில் சோற்றை வழித்துப் போடுவாள். தட்டுகளை மட்டும் கொஞ்சம் சத்தமாக அடுக்குவாள்.

மூன்றாவது வாரம், மணப்பாறைப் பக்கத்திலிருந்து புதிதாகச் சேர்ந்திருந்த பிச்சைமுத்து பசி தாங்காமல் தட்டை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, இடது கையால் கரண்டியை எடுத்துச் சாம்பாரில் விட்டுவிட்டான். கூடமே எழுந்து நின்றது. யாரோ சொந்தக்காரர் செத்துப்போன மாதிரி ஒரு "ஐயையோ!" அதற்குப் பிறகு அந்த அண்டா பக்கம் ஒருத்தன் போகவில்லை. கடைசியில் பக்கத்துத் தொழுவத்து எருமைகளுக்கு ஊற்றினோம். பாவம், பிச்சைமுத்து மூலையில் உட்கார்ந்து அழுதான். "அழாதடா, எருமையெல்லாம் உன் பேரைச் சொல்லி வாழ்த்துது" என்று ஜமால் தேற்றினார்.

மாதக் கடைசி நாள் வந்தது. காலை பஸ்ஸில் மடியில் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'வெற்றி' என்று எழுதினால் எனக்கு வேலை, இருசக்காவுக்கு இல்லை. 'தோல்வி' என்றால் முதலில் போவது என் தலை. பொன்மலை வரைக்கும் ஒரு எழுத்து விழவில்லை. அரியமங்கலம் தாண்டிப் பஸ் குலுங்கிய குலுக்கலில் கையே எழுதிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்: 'முதல் முறை அவரவரே எடுத்துக்கொள்வது சுத்தம்தான். மறுமுறைக்கு, சாப்பிடாத ஒரு கை வேண்டும். அது இல்லாமல் இந்த முறை நடக்காது. அந்த வேலைக்கு இருசம்மாளை வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

எழுதிவிட்டேனே தவிர, கொடுக்கத் தைரியம் வரவில்லை. குழாயடிக்குப் போய் இருசக்காவிடம் படித்துக் காட்டினேன். அவள் சாம்பல் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"இதக் குடுத்தா ஒன்னைய வெரட்டிருவாரா?"

"விரட்டலாம்."

"அப்புறம் எதுக்குடி எழுதுன, பைத்தியமே?" முதல் முறையாக என்னை டி போட்டுக் கூப்பிட்டாள். பிறகு, "எனக்கு எழுத வராது, ஊத்த வரும். ஒனக்கு எழுத வருது. ஏதோ, அவங்கவங்களுக்கு வந்தத அவங்கவங்க செய்வோம்" என்று தட்டுகளுக்குத் திரும்பிவிட்டாள். காது மட்டும் சிவந்திருந்தது.

மத்தியானம் தண்டபாணி சார் அறிக்கையை வாங்கக் கூடத்துக்கே வந்தார். ஜமால் விடுவாரா? "சார், இன்னிக்கு வத்தக்குழம்பு. ஒரே ஒரு நாள் ஸ்பூன் இல்லாம எங்களோட உக்காந்து சாப்புடுங்க. அப்புறம் டீச்சரம்மா என்ன எழுதிக் குடுத்தாலும் நாங்க வாயைத் தொறக்க மாட்டோம்" என்றார். லால்குடிக்காரரிடம் சுண்டைக்காய் வத்தக்குழம்பு என்று சொல்லிவிட்டு அறைக்குப் போகச் சொன்னால் போவாரா? சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரிசையில் நின்றார். தானே எடுத்துக்கொண்டார். பெஞ்சில் ஜமாலுக்கும் பிச்சைமுத்துவுக்கும் நடுவில் உட்கார்ந்து, எண்ணெய் மிதக்கப் பிசைந்து, உள்ளங்கை வரை வழிய வழியச் சாப்பிட்டார். ஜெர்மனி ஆறு மாதமும் அவர் முகத்திலிருந்து கரைந்துபோயிற்று.

தட்டு காலி. எழுந்தார். நேராக மேசைக்கு வந்தார். கரண்டிக்கு வலது கையை நீட்டினார். பாதியில் நின்றது. கையைத் திருப்பிப் பார்த்தார்; மணிக்கட்டு வரைக்கும் குழம்பு. தட்டை மேசையில் வைத்தார். இடது கை மெல்லக் கிளம்பியது. கூடத்தில் முந்நூறு பேர் மூச்சைப் பிடித்தார்கள்; பிச்சைமுத்து கண்ணையே மூடிக்கொண்டான். இடது கை கரண்டிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, யோசித்து, திரும்பிப் போய் வேட்டி நுனி தேடுகிறாற்போல் பேன்ட்டைத் தடவியது. மனுஷர் அப்படியே இரண்டு கையையும் பார்த்துக்கொண்டு நின்றார். வாசல் தூணில் சாய்ந்திருந்த சம்பத் மட்டும், "இன்னும் ரெண்டு இருந்தாலும் இதே கதிதான் சார்" என்றார்.

குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. இருசம்மாள் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். ஒன்றும் அவசரமில்லாமல், உலர்ந்த துண்டில் விரல் விரலாகத் துடைத்தாள். கூட்டம் வழிவிட்டது. வந்து கரண்டியை எடுத்தாள். "தட்டைக் காட்டுங்க சார்" என்றாள்.

காட்டினார். சோறு விழுந்தது. குழம்பு விழுந்தது. இன்னொரு கரண்டி. அவர் பெஞ்சுக்குப் போனார். அவளும் குழம்புப் பாத்திரத்தோடு பின்னாலேயே போனாள். அதைப் பார்த்ததும் கூடம் முழுக்க ஆங்காங்கே, "அக்கா, இங்க", "எனக்கும் ஒரு கை" என்று குரல்கள் கிளம்பின.

இதுதான் சமயம் என்று நான் காகிதத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நீட்டினேன். "சார், அறிக்கை."

அவர் நிமிர்ந்தார். வலது கை எச்சில். ஒரு பெண் மரியாதையாக நீட்டுகிறதை இடது கையால் வாங்கவும் அவருக்கு மனம் வரவில்லை. என்னையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மேலே மின்விசிறி சுற்ற, காகிதம் என் கையில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"மொதல்ல சாப்புடட்டும் விடு டீச்சரம்மா" என்றாள் இருசம்மாள், கரண்டியைச் சாய்த்துக்கொண்டே. தண்டபாணி சார் அவசரமாகத் தட்டின்மேல் ஐந்து விரலையும் விரித்துக் கையை நீட்டினார். "போதும்மா, போதும், போதும்!"

விரல் இடுக்கு வழியாகக் குழம்பு இறங்கிக்கொண்டிருந்தது.

நீங்கள் சொல்லுங்கள். உங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இந்த மேசை வந்த பிறகு, இரண்டாம் முறை போகும்போது எந்தக் கையால் கரண்டியைப் பிடிக்கிறீர்கள்? கூச்சப்படாமல் எழுதுங்கள், நான் அன்று அந்த ரசத்தை எப்படி வாங்கினேன் என்று அப்புறம் உங்கள் காதில் மட்டும் சொல்கிறேன்.